பெங்களூருத் தண்ணீரா, பரம்பரையா, டெங்குவா: முடி கொட்டுவதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாரத்தஹள்ளிவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்திலிருந்து வேலை நிமித்தமாகப் பெங்களூருக்கு வந்து, மாரத்தஹள்ளியில் நண்பர்களோடு வாடகை வீட்டில் தங்கியிருக்கிறேன். வயது 29. தீபாவளியை ஒட்டி முடி கொட்டுவது திடீரென்று அதிகமாகி, இன்னும் நின்றபாடில்லை. தலைக்குக் குளித்தால் குளியலறை வடிகால் சல்லடையை ஒரு கொத்து முடி அடைத்துக்கொள்கிறது. தலையணை உறையிலும், மடிக்கணினியின் விசைகளுக்கு நடுவிலும்கூட முடி கிடக்கிறது. எங்கள் அடுக்ககத்துக்கு இன்னும் காவிரி இணைப்பு வரவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரும், அது வற்றும்போது டேங்கர் நீரும்தான். வாளியின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பைப் பார்க்கும்போது, இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நண்பர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது. ஷவரில் பொருத்தும் வடிகட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். பலன் எதுவும் தெரியவில்லை.

அம்மாவோ, "உன் தாய்மாமனுக்கு முப்பது வயதிலேயே சொட்டை விழுந்துவிட்டது, உனக்கும் அந்த வாகுதான்" என்கிறார். நெற்றியின் இரண்டு ஓரங்களும் கல்லூரி நாட்களில் இருந்ததைவிடக் கொஞ்சம் உள்ளே போயிருப்பதும் உண்மைதான். வீட்டருகே இருக்கும் முடி சிகிச்சை நிலையம் ஒன்றில் விசாரித்தபோது, தலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களைத் தலைத்தோலில் செலுத்தும்) ஊசி 8 முறை, அதனோடு மாத்திரை, ஷாம்பு, சீரம் என்று ஒரு தொகுப்பைச் சொல்லி, அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. இது தண்ணீரால் வருவதா, பரம்பரையா, இரண்டுமா? எந்த மருத்துவரிடம் போவது, என்னென்ன பரிசோதனைகள் தேவை, மருந்தைத் தொடங்கினால் ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்குமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அல்சூர் தோல் மருத்துவர்:

வணக்கம் தம்பி. "மற்றபடி ஒன்றுமில்லை" என்று நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கிய அந்த டெங்குவிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்கள் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, பிறகு சுமார் 3 மாதங்கள் ஓய்வில் இருந்துவிட்டு உதிர்கிறது. அதே மயிர்க்காலில் புது முடி முளைக்கிறது. எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளரும் நிலையில் இருப்பதாலும், ஒவ்வொரு முடியும் வெவ்வேறு காலத்தில் ஓய்வுக்குப் போவதாலும், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வதை யாரும் கவனிப்பதில்லை. கடுமையான காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தல், தாங்க முடியாத மன அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உடம்பை உலுக்கும்போது, இன்னும் வளர வேண்டிய முடிகளில் பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குத் தள்ளப்படுகிறது. அவை அன்றைக்கே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மொத்தமாக விழுகின்றன. ஆகஸ்டில் டெங்கு, தீபாவளியில் முடி உதிர்வு என்ற உங்கள் கணக்கு இதனோடு அப்படியே பொருந்துகிறது. மழைக்காலக் காய்ச்சல்கள் ஓய்ந்த பிறகு, கார்த்திகை, மார்கழி மாதங்களில் இதே புகாருடன் வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் பலர் முந்தைய வாரம் மாற்றிய ஷாம்புவைக் குற்றம் சொல்வார்களே தவிர, மூன்று மாதங்களுக்கு முன் வந்துபோன காய்ச்சலை நினைத்துப் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். சல்லடையில் சேரும் முடிகளில் சிலவற்றை எடுத்து, கறுப்புத் துணிமேல் வைத்து முனைகளைக் கவனியுங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால், அது ஓய்வுக் காலம் முடிந்து இயல்பாகக் கழன்ற முடி. வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பலர் அந்தக் குமிழைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்கு அடியில் பத்திரமாகவே இருக்கிறது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல், நீளமும் ஒழுங்கில்லாமல் இருந்தால் முடி நடுவில் ஒடிந்திருக்கிறது என்று பொருள். தண்ணீரையும் சாயத்தையும் சூட்டுக் கருவியையும் சந்தேகிக்க வேண்டியது அப்போதுதான்.

டெங்குவுக்குப் பிந்தைய இந்த உதிர்வுக்கு, உண்மையைச் சொன்னால், மருந்து தேவையில்லை. வேறு காரணம் சேராதவரை மூன்றிலிருந்து ஆறு மாதங்களில் தானாக அடங்கிவிடும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், அடர்த்தி பழையபடி கண்ணுக்குத் தெரிய மேலும் சில மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் யார் எதைப் பூசினாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடுகிறது. எட்டு முறை ஊசித் தொகுப்புக்குப் பணம் கட்டியிருந்தால், அந்த ஊசிதான் காப்பாற்றியது என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் அம்மா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. நெற்றி ஓரங்கள் உள்வாங்குவது காய்ச்சலால் வருவதன்று. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதியால் டி.எச்.டி. என்ற வடிவத்துக்கு மாறுகிறது. பரம்பரையாக அந்த டி.எச்.டி.க்கு எளிதில் மசியும் தன்மை கொண்ட முன்நெற்றி, உச்சந்தலை மயிர்க்கால்கள் சுழற்சிக்குச் சுழற்சி சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பூனைமுடியை முளைப்பிக்கின்றன. காது மேலும் பிடரியிலும் இருக்கும் மயிர்க்கால்களுக்கு அந்தத் தன்மை குறைவு என்பதால்தான் முழு வழுக்கையிலும் அங்கே முடி தங்குகிறது. ஆண் ஹார்மோன் இல்லாமல் இந்த வழுக்கை வருவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942லேயே எழுதினார். வழுக்கையின் படிநிலைகளை இன்றும் அவர் பெயராலும், 1975இல் அதைத் திருத்தியமைத்த நார்வுட் பெயராலும்தான் குறிக்கிறோம். தாய்மாமனைப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு: ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான மரபணு, தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் வேறு பல மரபணுக்களுக்கும் பங்கு இருப்பதால் அப்பா வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எனவே உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். மெல்ல நடந்துகொண்டிருந்த வழுக்கையை டெங்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, தோல் மருத்துவர் 50, 60 முடிகளைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார். டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கியால் தலைத்தோலைப் பார்ப்பார். அருகருகே உள்ள முடிகளில் 20 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றின் தடிமனில் வேறுபாடு இருந்தால் பரம்பரை வழுக்கை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை என்றால் உங்களுக்கு ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), தைராய்டு ஆகியவை போதும். நீங்கள் சைவம் என்றால் பி12ஐயும் சேர்க்கலாம். தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.டி.வி.எல். படித்தவரா, கர்நாடக மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போனால், காத்திருக்க நேர்ந்தாலும், யாரும் உங்களிடம் தொகுப்பு விற்க மாட்டார்கள்.

கே.ஆர்.புரம் அடுக்ககச் செயலாளர்:

மருத்துவர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் தண்ணீருக்கு இவ்வளவு எளிதாக நற்சான்று கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. எங்கள் கிணற்றின் ஆழத்தைக் கூட்டக் கூட்ட, ஆய்வறிக்கையில் அந்த எண் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தவன் நான். 2024 கோடையில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது வந்த டேங்கர்களில் எந்த லாரி எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, நகரின் விளிம்பில் உள்ள 110 கிராமப் பகுதிகளில் இணைப்பு பெற்ற அடுக்ககங்களில், முடி முன்போல முரடாக இல்லை என்று பெண்கள் எல்லோருமே சொல்கிறார்கள்.

கேட்டவருக்கு ஒரு செய்தி: ஷவரில் மாட்டும் சிறிய வடிகட்டி குளோரினையும் துருவையும் ஓரளவு பிடிக்கும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அகற்றும் அளவுக்கு அதில் பிசின் (அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) இருக்காது. தண்ணீரை மென்மையாக்க, சமையல் உப்பால் அவ்வப்போது புதுப்பிக்கப்படும் பிசின் கலன் வேண்டும். அதை மொத்தக் கட்டடத்துக்கும் வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தனியாக இருப்பவர்கள், கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு வாளி காவிரி நீரோ மழைநீரோ பயன்படுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

அல்சூர் தோல் மருத்துவர்:

செயலாளர் ஐயா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. கடின நீர் சோப்போடு சேர்ந்து முடியின்மேல் படிவதால் முடி முரடாகி, சிக்கு விழுந்து, சீப்பில் ஒடிகிறது. நீங்கள் குறிப்பிடும் பெண்கள் உணர்ந்தது அதைத்தான். ஆனால் அந்தப் படிவு தோலுக்கு வெளியே உள்ள, உயிரற்ற தண்டின்மேல் நடப்பது. தோலுக்கு உள்ளே இருக்கும் மயிர்க்காலை அது சுருக்குவதில்லை. அடுக்ககம் முழுவதும் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் குளிக்கிறது. வழுக்கை மட்டும் நெற்றி ஓரத்தையும் உச்சியையும் பார்த்து விழுகிறது, பிடரியைத் தொடுவதில்லை.

இந்திராநகர் வாசகி:

இந்த இழையைப் படிக்கும் பெண்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் தங்கிவிடுவதால் கூந்தல் அடர்த்தியாகத் தெரியும். பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதங்களில் அவை ஒன்றுசேர்ந்து கொட்டும். எனக்கு அப்படிக் கொட்டியபோது, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று மாமியார் சொன்னார். சிரிப்பைக் குற்றம் சொல்வது அநியாயம் என்றாலும் காலக் கணக்கு சரியாகவே இருந்தது. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருக்கக்கூடும் என்பதை என் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். இரும்பு மாத்திரையைக் காலை ஃபில்டர் காபியோடு விழுங்கினால் அதில் கணிசமான பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஓரிரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பயோட்டின் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக் கடைகளில் முடிக்கென்று விற்கும் மாத்திரைகளிலும் மிட்டாய்களிலும் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ சில பத்து மைக்ரோகிராம்தான். பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. ரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் சில வகை ஆய்வக முறைகளைக் குழப்பிவிடும். நலமாக இருப்பவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல முடிவு வரும்; மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனைகூட உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. என் தங்கைக்கு இப்படி ஒரு முடிவு வந்து, வீடே கலங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தபோது எல்லாம் இயல்பாக இருந்தது. ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு நாட்களாவது நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவில் நெற்றி ஓரம் உள்வாங்குவது குறைவு. நடு வகிடு அகன்றுகொண்டே போகும். பழைய புகைப்படத்தோடு வகிட்டை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதனோடு மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி, பருக்கள் ஆகியவை இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் பார்க்கச் சொல்வார்கள். வகிடு அகலாமல், காதோரம் மட்டும் முடி குறைந்தால், இழுத்துக் கட்டும் பின்னலைத் தளர்த்துவதே முதல் மருத்துவம்.

ஃபிரேசர் டவுன் பழைய உறுப்பினர்:

மருந்தை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரம்பரை வழுக்கைக்குப் பல ஆண்டுகளாக மருந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகத்தான் 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டுதான் பூசும் திரவமாக்கினார்கள். 1988இல் அது ஆண்களின் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. ஆண்கள் பொதுவாக 5 சதவீதத் திரவத்தை ஒரு மில்லி வீதம் காலையும் இரவும், முடியில் படாமல், உலர்ந்த தலைத்தோலில் பூச வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் பலருக்கு முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்விலிருந்த முடிகளை மருந்து வெளியே தள்ளுவதால் நிகழ்வது அது. சிலர் அப்போதே பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நிறுத்தினால், அதனால் தங்கிய முடி சில மாதங்களில் போய்விடும். அந்த வகையில் இது நெடுங்கால மருந்துதான். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தலையணையிலிருந்தோ கையிலிருந்தோ சிறிதளவு நக்கினாலும் பூனைக்கு அது கொடிய நஞ்சு.

ஃபினஸ்டரைடின் கதை வேறு. டொமினிகன் குடியரசில், 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருப்பதையும் வழுக்கை விழாததையும் ஆய்வாளர்கள் 1970களில் கவனித்தார்கள். அந்த நொதியைத் தடுக்கும் இந்த மருந்து 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. இருக்கும் முடியைக் காப்பதில் மாத்திரைகளுக்குள் இதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. ஒரு சிறு பங்கினருக்குப் பாலியல் நாட்டம் குறைதல், விறைப்புக் குறைதல் ஆகியவை ஏற்படும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும் என்றாலும், சிலர் நீடிப்பதாகக் கூறியிருக்கிறார்கள். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுதான் என்று 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிப்படுத்தியது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் செய்யக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோயைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், வயது ஏறியபின் அந்தப் பரிசோதனை செய்பவர்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பதற்காக வாங்கி விழுங்கும் மாத்திரை அன்று.

முடி மாற்று சிகிச்சை பற்றி ஒரு சொல். பிடரி முடியை எடுத்து முன்னால் நடுகிறார்கள்; நாற்றங்காலில் இருக்கும் நாற்றுக்கு மேல் எந்த வயலிலும் நட முடியாது. 29 வயதில் நெற்றியை நிரப்பிவிட்டு, 40இல் உச்சி காலியானால் எடுக்க நாற்று இருக்காது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உரிய பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும். முகப்பில் மருத்துவர் பெயரை மாட்டிவிட்டு உள்ளே யாரோ கத்தி பிடிக்கும் இடங்கள் இந்த ஊரிலும் இருக்கின்றன.

மாரத்தஹள்ளிவாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. கறுப்புத் துணியில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா முடியிலும் அந்த வெள்ளைக் குமிழ் இருந்தது. தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். போவதற்கு முன் இரண்டு சந்தேகங்கள். தினமும் வெளிவட்டச் சாலையில் ஹெல்மெட்டோடு நெடுநேரம் நிற்கிறேன். அதனால் முடி கொட்டுமா? ஊரிலிருந்து அம்மா அனுப்பியுள்ள கரிசலாங்கண்ணித் தைலத்தைத் தேய்க்கலாமா? உடன் பணிபுரியும் ஒருவருக்குத் தாடியிலும் தலையிலும் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி போயிருக்கிறது. அவரும் சின்ன வெங்காயம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

அல்சூர் தோல் மருத்துவர்:

ஹெல்மெட்டால் வழுக்கை விழாது. அதைக் கழற்றினால் விழக்கூடியது வேறு. உள்ளுறையைத் துவைத்துக் காயவைத்துப் போடுங்கள், வியர்வையில் பொடுகு கூடினால் கீட்டோகொனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை போதும். தைலம் தேய்ப்பதால் முடி மென்மையாகும், அம்மாவுக்கும் மனம் நிறையும். பொடுகு இருக்கும்போது மட்டும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட வேண்டாம்.

உங்கள் நண்பருக்கு இருப்பது புழுவெட்டு போலத் தெரிகிறது. புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; உடலின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. சிறிய வட்டங்கள் பலருக்குத் தாமாகவே ஓராண்டுக்குள் நிரம்பிவிடும் என்பதால் வெங்காயத்துக்குப் புகழ் கிடைத்திருக்கிறது. தோல் புண்ணாகும் அளவுக்குத் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வட்டத்துக்குள் மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் வழக்கமான சிகிச்சை. தலை முழுவதும் பரவியவர்களுக்கு, 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. அவற்றைக் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது. அவரையும் கூட அழைத்துப் போங்கள். முடி போன இடத்தில் எரிச்சலோ வலியோ இருந்து, தோல் வழவழவென்று பளபளத்து, மயிர்த்துளைகளே தெரியாமல் போயிருந்தால் அது புழுவெட்டு அன்று, மயிர்க்காலைத் தழும்பாக்கும் வேறு நோய். அப்படி இருந்தால் உங்களுக்கு வாங்கிய நேரத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் முடி காத்திருக்கும்.